பத்து நிமிஷம் பிந்திய மன்னார்புரம் பஸ்

மகள் இந்தக் கோடை விடுமுறையில் கோடிங் வகுப்புக்குப் போகிறாள். பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்லும் புரோகிராம் ஒன்றை அவளே எழுதியிருக்கிறாள்.

இன்று ஸ்ரீரங்கத்தில் மன்னார்புரம் பஸ்ஸுக்கு நின்றோம். ஐந்து பத்துக்கு வரும் என்றது புரோகிராம். ஐந்து இருபதுக்குத்தான் வந்தது.

ஏறியதும் நேராகக் கண்டக்டரிடம் போனாள். "ஏண்ணா லேட்டு? என் புரோகிராம் தப்பாயிடுச்சு."

அவர் அவள் கையிலிருந்த ஃபோனை வாங்கிப் பொறுமையாகப் பார்த்தார். "சனிக்கிழமைல்ல, கோயில் கூட்டம்மா. பத்து நிமிஷம் சேத்துக்க."

காவிரிப் பாலம் தாண்டுவதற்குள் சேர்த்துவிட்டாள்.

மன்னார்புரத்தில் இறங்கும்போது ஒருவர், திரும்பிப் போக எப்போது பஸ் என்று கண்டக்டரைக் கேட்டார்.

"அந்தப் பாப்பாவக் கேளுங்க."

அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, "என் பொண்ணுதாங்க" என்றேன்.

அவர் கேட்டது பஸ் நேரத்தை. இதைப் படிக்கும் நீங்கள் அதைக்கூடக் கேட்கவில்லை, தெரியும்.