வெயிலில் காயவைத்த கமரா

கடைக்காரர் இரண்டாவது கமராவில் சின்னப் பற்றரி இரண்டைப் போட்டு மூடியை அழுத்தினார். பதினான்கு வருடங்களுக்குப் பிறகு அண்ணன் வருகிறான். அதற்காகத்தான் அம்மாவும் நானும் கமரா வாங்க வந்திருந்தோம். எடை, திரை, விலை என்று இரண்டையும் ஒப்பிட்டு எழுதிய தாள் என் கையில் இருந்தது. ஆனால் அந்த மூடிச் சத்தம் என்னை எங்கள் கிணற்றடிக்குக் கொண்டுபோய்விட்டது.

சண்டைக்காலத்தில் பற்றரி கிடைப்பதே அரிது. தீர்ந்தவற்றை அப்பா கிணற்றுக் கட்டில், மிளகாய்க்குப் பக்கத்தில் வரிசையாகக் காயவைப்பார். பின்னேரம் அவற்றைப் போட்டால், செய்தி முடியும்வரை றேடியோ கதைக்கும்.

அண்ணன் வெளிநாடு போவதற்கு முதல்நாள், படமெடுக்கத் தடையிருந்த துறைமுகம் பின்னால் விழாமல் அவனை முருங்கைப் பக்கம் திருப்பி நிறுத்தி அப்பா படமெடுத்தார். பிலிம் றோல் முடியாததால் கழுவக் கொடுக்கவில்லை. பிறகொரு நாள் கமரா வேலைசெய்யவில்லை. எனக்கு ஆறு வயது. அதற்கும் வெயில் வேண்டுமென்று நினைத்து, பின்மூடியைத் திறந்து பற்றரிகளோடு காயவைத்தேன். பிலிமில் வெளிச்சம் பட்டு, அண்ணனின் படம் ஒன்றும் மிஞ்சவில்லை. அம்மா அழுதபோது, "இஞ்சேரப்பா, நான்தான் தெரியாமத் திறந்திட்டன்" என்றார் அப்பா. சாகும்வரை அதை மாற்றிச் சொல்லவில்லை.

அம்மா கடைக்காரரிடம், "தம்பி, இதைத் திறந்தா உள்ளுக்கிருக்கிற படம் அழியுமோ? எங்கட மனுசன் ஒருக்கா அப்பிடிச் செய்தவர்" என்றாள்.

"அழியாது அம்மா."

என் தாளில் அந்தக் கேள்வி இருக்கவில்லை.

"அது அப்பா இல்லை அம்மா. நான்தான் திறந்தனான்."

அம்மா பற்றரிக் கமராவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அண்ணன் இஞ்ச நிக்கிற வரைக்கும் இது என்னட்டைத்தான் இருக்கும்" என்றாள்.