ஊருணிக் கரைக்கு ஜெய்த்தூன் சிஸ்டர் கேட்ட செருப்புகள்

சிவகங்கையில் மருந்துக் கிடங்கு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கான பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் போன் வந்தது. நிலையத்தைக் கூட்டிப் பெருக்கும் ராக்கம்மாள் பேசினார். "சார், நம்ம ஜெய்த்தூன் சிஸ்டர் செத்துப் போயிட்டாக" என்றார். எந்த ஜெய்த்தூன் என்று கேட்டேன். எங்களுக்கு இருந்ததே ஒரே ஒரு ஜெய்த்தூன்தான். ராக்கம்மாள் அழுதார்.

விடியலில் தொழுதுவிட்டு எழுந்தவருக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. காரைக்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. மதியத் தொழுகைக்குப் பின் அடக்கம் என்றார்கள். அரசாங்க மருந்தைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடாமல் நான் கிளம்ப முடியாது. சரிபார்த்தேன். கையெழுத்துப் போட்டேன். ஊர் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து மையவாடியிலிருந்து ஆட்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். சர்க்கரை மாத்திரைப் பெட்டிகள் ஏற்றிய வண்டியோடு பள்ளிவாசல் தெருவில் நின்றேன். இத்தனை வருடம் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்த மனுஷிக்கு ஒரு பிடி மண் அள்ளிப் போட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். அவரை அறிந்த நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதுவயல் பக்கம் வந்து போனவர்களுக்கு எங்கள் ஊர் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அரிசி ஆலைகள், லாரிகள், உமி எரிந்து பறக்கும் கரித்தூள். வெள்ளை வேட்டியைக் கொடியில் காயப்போட்டால் சாயங்காலம் சாம்பல் நிறத்தில் எடுக்கலாம். ஆலைத் தெருக்களிலிருந்து எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மூச்சிளைப்பு, மீதிப் பேருக்குச் சர்க்கரை, சிலருக்கு இரண்டும். இவர்களைப் பார்க்கும் மேசைதான் ஜெய்த்தூன் சிஸ்டருடையது. நான் பக்கத்து ஜன்னலில் மருந்து கொடுக்கிறவன். நடுவில் ஒரு தட்டி. அவர் பேசுவதெல்லாம் என் காதில் விழும். சன்னமாகப் பேசுகிற ஆளா அவர்?

டாக்டர் எல்லோருக்கும் எழுதுவது ஒன்றே: மாத்திரை, சாப்பாட்டில் கட்டுப்பாடு, தினமும் நடை. ஒருநாள் பஞ்சவர்ணம் என்ற பெண் அந்தச் சீட்டோடு வந்தாள். ஆலைக் களத்தில் அவித்த நெல்லைக் காயவைக்கும் வேலை அவளுக்கு. சிஸ்டர் வழக்கம்போல நடக்கச் சொல்ல, அவள், "எங்குட்டு நர்ஸம்மா நடக்க? வீட்டை விட்டு இறங்குனா லாரி. லாரி இல்லாத எடத்துல சாக்கடை" என்றாள். குறும்பாகச் சொல்லவில்லை, உண்மையாகவே வழி கேட்டாள். மறுநாள் டூட்டி முடிந்ததும் சிஸ்டர் அவள் தெருவுக்குப் போனார். திரும்பி வந்தபோது வெள்ளைக் கோட்டின் தோள்பட்டை கறுத்திருந்தது. கோபமாக இருந்தார், யார் மேல் என்று தெரியாத கோபம். "நடங்கன்னு சொல்றதுக்கு நமக்குச் சம்பளம். எங்க நடக்குறதுன்னு சொல்ல யாருக்குச் சம்பளம்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான்தான் அங்கே இருந்தேன், அதனால் என்னைக் கேட்டார்.

எங்கள் ஊரில் கரித்தூள் எட்டாத இடம் ஒன்றுதான், கிழக்கே இருக்கும் குடிநீர் ஊருணி. சுற்றிச் செம்புறாங்கல் சுவர், உள்ளே கரை முழுக்கப் புங்கையும் நாவலும் மருதும். வெயில் தரையில் விழாது. குழாய்த் தண்ணீர் வந்த பிறகும் ஊரில் பாதிப் பேர் குடிப்பதற்கு அந்தத் தண்ணீரைத்தான் எடுக்கிறார்கள். நானும் எடுக்கிறேன், சிஸ்டர் வீட்டிலும் அதுதான். ஆனால் எல்லோரும் குடத்தோடு போவார்கள், குடத்தோடு வருவார்கள். ஆலைப் பெண்கள் மரத்தடியில் நின்று காற்று வாங்கி யாரும் பார்த்ததில்லை.

சிஸ்டர் ஊருணியைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர்களிடம் போய்க் கேட்டார். அவர்கள் உடனே சரி என்றார்கள். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். களத்து வேலை முடிந்து சாயங்காலம் பெண்கள் வந்தார்கள். முதலில் கூச்சம். வேலை இல்லாமல் சும்மா சுற்றுவதா என்று ஒருத்தி கேட்டாளாம். சிஸ்டர் முன்னால் நடந்தார், அவர்கள் பின்னால். கொஞ்ச நாளில் பேச்சும் சிரிப்பும் சுவருக்கு வெளியே கேட்கத் தொடங்கின. மாமியார் கதை, மேஸ்திரி கதை எல்லாம் அந்தக் கரையைச் சுற்றி வந்தது. பஞ்சவர்ணத்துக்குச் சர்க்கரை இறங்கியது. மருந்து வாங்க வந்தவள் என்னிடம், "சார், அங்குட்டுப் போனா மூச்சு தானா உள்ள போகுது" என்றாள். தட்டிக்கு அந்தப் பக்கம் சிஸ்டருக்கு அன்று தலைகால் புரியவில்லை. எனக்கும்தான்.

இனி எழுதப்போவதில் என் பங்கும் உண்டு.

குடிக்கிற தண்ணீர் என்பதால் ஊருணிக்குள் யாரும் செருப்போடு போவதில்லை. வாசலில் கழற்றிவிட்டுத்தான் போவோம். யாரும் பலகை எழுதி வைக்கவில்லை, சொல்லிக்கொடுக்கவும் இல்லை. வாசல் வந்தால் கால் தானாகச் செருப்பை விடும். அந்தப் பெண்களும் விட்டார்கள். சிஸ்டரும் விட்டார். சர்க்கரைக்காரர் வெறுங்காலோடு ஒரு எட்டுகூட வைக்கக் கூடாது, காலில் உணர்ச்சி போயிருக்கும், பட்டது தெரியாது என்று நாள் முழுக்க மேசையில் உட்கார்ந்து தொண்டை வற்றச் சொன்னவர் அவர்தான். சாயங்காலம் அதே பெண்களை வெறுங்காலோடு கூட்டிக்கொண்டு நடந்ததும் அவர்தான். ஒருநாள்கூட அவருக்கு அது உறைக்கவில்லை. டாக்டருக்கும் உறைக்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை. வெளியூர்க்காரர் ஒருவர் எங்களோடு இருந்திருந்தால் முதல் நாளே கேட்டிருப்பார்.

கரையிலோ களத்திலோ, பஞ்சவர்ணத்தின் பாதத்தில் கருவேல முள் ஏறியது. அவளுக்குத் தெரியவே இல்லை. அதோடு நடந்தாள், அதோடு களத்தில் வேலை பார்த்தாள். வீட்டில் நாற்றம் என்று மகள் சொன்ன பிறகுதான் காலைத் திருப்பிப் பார்த்திருக்கிறாள். மதுரைக்குக் கொண்டுபோனார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

சிஸ்டரும் நானும் பார்க்கப் போனோம். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "வெறுங்காலோட நடக்காதேன்னு வாயால சொல்லிட்டு, கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிருக்கேன் புள்ள, நான்" என்றார். பஞ்சவர்ணம் அவரைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் களைத்த குரலில், "களத்துல மட்டும் நான் எப்ப நர்ஸம்மா செருப்புப் போட்டேன்? நெல்லு சோறுல்ல, செருப்புக் காலோட மிதிப்பாகளா?" என்றாள். சிஸ்டர் அவள் போர்வையைச் சரிசெய்தார்.

ஊர் திரும்பியதும் அவர் செய்த முதல் வேலை, மற்றப் பெண்களின் வீடு வீடாகப் போய், இனி ஊருணிக்கு வர வேண்டாம் என்று சொன்னது. தானே கூட்டி வந்தவர்களைத் தானே நிறுத்தினார். அடுத்த நாளிலிருந்து மேசையில் இன்னொன்று ஆரம்பித்தது. சர்க்கரை என்று யார் வந்தாலும் சிஸ்டர் அவர்கள் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துப் பார்ப்பார். விரல் இடுக்கு, குதிகால், நகம், எல்லாம். வயதான ஆண்கள் கூனிக்குறுகிப் போவார்கள். "நர்ஸம்மா, காலைப் போயி மடியில..." என்று இழுப்பார்கள். "என் மடி கழுவுனாப் போயிரும், உங்க காலு போனா வருமா?" என்பார். பிடித்த காலை விடமாட்டார்.

பிறகு பெரியவர்களிடம் மறுபடியும் போனார், என்னையும் இழுத்துக்கொண்டு. அவர் கேட்டது சின்ன விஷயம். நடக்கிறவர்களுக்கென்று தனியாகப் புதுச் செருப்புகள். சுவருக்கு உள்ளேயே ஒரு தாங்கியில் இருக்கும், தெருவை மிதிக்காது. வெளிச் செருப்பை வாசலில் விட்டு, உள்ளே வந்து அதைப் போட்டுக்கொள்ள வேண்டியது. தாங்கியை என் அண்ணனைச் செய்யச் சொல்லியிருந்தேன். எங்களுடையது தச்சு வேலைக் குடும்பம். தேக்குத் துண்டுகளை இழைத்து அழகாகவே செய்திருந்தார்.

ஊருணிக் கமிட்டித் தலைவர் கடைசிவரை கேட்டுக்கொண்டார். நல்ல மனுஷர், பஞ்சவர்ணத்தின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு உதவியவரும்கூட. "நீங்க சொல்றது நியாயந்தான் சிஸ்டர். ஆனா செருப்பு செருப்புதான். இன்னைக்கு நோயாளின்னு விட்டா நாளைக்கு எல்லாரும் போட்டுக்கிட்டு வருவாக. தண்ணி என்னத்துக்கு ஆகும்?" என்றார். பங்குனித் திருவிழா முடியட்டும், பேசிப் பார்ப்போம் என்றார். திருவிழா முடிந்து போனோம். மழை வரட்டும் என்றார்கள். மழை வந்தது. புதுக் கமிட்டி வரட்டும் என்றார்கள். புதுக் கமிட்டியும் வந்தது, தலைவர் அவரே.

ஒருமுறை எனக்குப் பொறுக்கவில்லை. கமிட்டியில் இரண்டு பேர் தினமும் காலையில் காரில் காரைக்குடி போய், கல்லூரி மரங்களுக்கடியில் ஷூ போட்டுக்கொண்டு நடப்பவர்கள். அதைச் சபையில் சொல்லிக் கத்திவிட்டேன். கார் இருக்கிறவனுக்கு நிழல், இல்லாதவனுக்கு முள்ளா என்று கேட்டேன். சிஸ்டர் என் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தார். "அவுக தண்ணியப் பத்திப் பேசுறாக, நான் காலப் பத்திப் பேசுறேன். ரெண்டுல எதுவும் பொய்யில்ல. நானும் அந்தத் தண்ணியத்தானே குடிக்கிறேன்? பொய்யின்னா சண்டை போடலாம். இதுக்கு என்னத்தைச் செய்ய?" என்றார். அன்று அவர் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. தாங்கி எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தது. என் மனைவி அதில் வெங்காயம் வைத்திருக்கிறாள்.

அவருக்கும் சர்க்கரை இருந்தது. இது உங்களில் பலருக்குத் தெரியாது. அவர் மகன் துபாயிலிருந்து நல்ல ஷூ அனுப்பியிருந்தான். காரைக்குடிக்கு பஸ் ஏறிப் போய் நடங்கள் என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன். "அந்தப் புள்ளைகள வீட்டுல உக்காத்தி வச்சுட்டு நான் மட்டும் போயி நடக்கவா? கால் வராது சார்" என்றார். இதைப் பெருந்தன்மை என்று இரங்கல் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீம்பு. அந்த வீம்பால் யாருக்கும் ஒரு அடி நடை கூடவில்லை, எங்களுக்கு ஒரு சிஸ்டர் குறைந்தார். இறந்தவரைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். அவர் எதிரே உட்கார்ந்திருந்தால் இதையேதான் சொல்லியிருப்பேன், அவரும் பதிலுக்கு நாலு கொடுத்திருப்பார்.

கூட்டம் முடிந்ததும் தலைவர் என்னைத் தனியே அழைத்தார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. சிஸ்டர் பெயரில் ஊருணிக் கரையில் ஒரு சிமெண்டு பெஞ்சு போடலாம் என்று கமிட்டி முடிவு செய்திருக்கிறதாம், பெயரைக் கல்லில் வெட்டலாமாம். பெஞ்சு வேண்டாம், அவர் கேட்ட செருப்பை வைக்க விடுங்கள் என்றேன். "அது வேற விஷயம், தம்பி" என்றார். பெஞ்சு வேலை தொடங்கிவிட்டது.

அவர் மேசைக்கு இன்னும் ஆள் போடவில்லை. அவரிடமிருந்து நான் என்ன வைத்துக்கொண்டேன் என்று கேட்டால், ஒன்றே ஒன்றுதான். சர்க்கரை மாத்திரைக்கு வருகிறவர்களை ஜன்னலோடு அனுப்புவதில்லை. உள்ளே வரச் சொல்லி, ஸ்டூலில் உட்காரவைத்து, காலைப் பார்க்கிறேன். நான் மருந்தாளுநர், இது நான் படித்த படிப்பில்லை. எது புண், எது வெறும் வெடிப்பு என்று எனக்குச் சரியாகத் தெரியாது. தட்டிக்கு அந்தப் பக்கம் கேட்கலாம் என்று வாய் எடுக்கும்போதுதான் நினைவு வரும். போன வாரம் பஞ்சவர்ணம் ஊன்றுகட்டையோடு வந்தாள். நான் கேட்கும் முன்பே ஸ்டூலில் உட்கார்ந்து காலை நீட்டினாள். "நர்ஸம்மா மாதிரி மடியில வச்சுப் பாருங்க சார். இது ஒண்ணுதான் இருக்கு" என்றாள்.

வைத்துப் பார்த்தேன்.