அலுமினிய ரேடியேட்டரும் ஆள் உயரச் சாமந்தி மாலையும்

1. பதினேழு கேள்விகள்

அந்த அம்பாசடர் என் ஷெட்டுக்குத் தானாக வரவில்லை. ஒரு லோடு ஆட்டோவின் பின்னால் கயிறு கட்டி, ஊரப்பாக்கத்திலிருந்து செங்கல்பட்டு வரை ஜி.எஸ்.டி. ரோட்டில் எல்லோரிடமும் திட்டு வாங்கிக்கொண்டு வந்தது. என்னைவிட ஆறு வயது மூத்த வண்டி. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே உபாதைகள்: காலையில் எழுந்திருக்கச் சிரமம், மேடு ஏறினால் மூச்சிரைப்பு.

ஓனர் திலீபனுக்குச் சிறுசேரியில் சாஃப்ட்வேர் வேலை. கார் அவருடைய அப்பாவுடையது. "என் பொண்ணைக் கட்டிக்கப் போறவன் இந்த வண்டியிலதான் மண்டபத்துக்கு வரணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், வரன் அமைவதற்குள் போய்விட்டார். இப்போது தங்கைக்குக் கல்யாணம், மாமல்லபுரத்தில் மண்டபம், பன்னிரண்டு நாள் அவகாசம்.

ரேடியேட்டரைக் கழற்றினேன். பழைய பித்தளை. எத்தனையோ பேர் ஈயம் வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். பற்றவைப்புகளுக்கு நடுவே கொஞ்சம் ரேடியேட்டரும் இருந்தது.

"இனிமே இதுல வைக்க இடமில்ல. அலுமினியத்துல புதுசு போட்டுடலாம்" என்றேன்.

திலீபன் போனை எடுத்தார். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துக் கேள்விகளை எழுதி வைத்திருந்தார். மொத்தம் பதினேழு.

"அண்ணா, ஃபேன் பிளேடுக்கும் ரேடியேட்டர் கோருக்கும் எவ்ளோ கேப் விடுவீங்க? மூடி எத்தனை பிரஷர்ல போடுவீங்க? வெறும் தண்ணி ஊத்துனா அலுமினியம் அரிச்சிடுமாமே, கூலன்ட்தான் ஊத்தணுமாமே?"

"தம்பி, நான் இருபத்தாறு வருஷமா ஸ்பேனர் புடிச்சுகினு கீறேன். நீங்க மவுஸ் புடிங்க."

பதினேழும் நியாயமான கேள்விகள். அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது.

2. 'அப்படியே உட்காரும்'

ரேடியேட்டரை விற்றவர் 'அப்படியே உட்காரும்' என்று உறுதி சொல்லியிருந்தார். உட்கார்ந்தது, அட்டைப்பெட்டிக்குள். வண்டியில் வைத்துப் பார்த்தால் நான்கு போல்ட் ஓட்டைகளில் ஒன்று சேர்ந்தது. மற்ற மூன்றும் வேறு ஏதோ வண்டியை நினைத்துப் போட்டவை.

இரும்புப் பட்டையை வெட்டிப் புதிதாக பிராக்கெட் அடித்தேன். இரும்பும் அலுமினியமும் உரசாமலிருக்க லாரி டியூபை நறுக்கி நடுவில் ரப்பர் பேக்கிங் கொடுத்தேன். புது கோர், அதாவது ரேடியேட்டரின் சல்லடை உடம்பு, பழையதைவிடத் தடிமன். ஃபேன் அதன் முதுகைச் சொறிகிற தூரத்தில் வந்து நின்றது. ஃபேனுக்கும் புல்லிக்கும் நடுவே இருந்த ஸ்பேசர் வளையத்தைக் கழற்றி, லேத்தில் கொடுத்து மெல்லிதாக்கி மாட்டினேன். பிறகு இடைவெளியில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தேன். நுழைந்தது.

திலீபன் ஸ்கேல் வைத்து அளந்தார். ஸ்கேலும் சரி என்றது. என் விரலுக்கு அவமானமாகப் போய்விட்டது.

தண்ணீருக்குப் பதில் கூலன்ட்டே ஊற்றினேன். அவர் சொன்னதற்காக ஊற்றவில்லை என்பதை மட்டும் இரண்டு முறை சொல்லிவைத்தேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் திருக்கழுக்குன்றம் வழியாக வண்டியை நானே மாமல்லபுரத்துக்கு ஓட்டிப்போனேன். டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டவில்லை. வழியெல்லாம் என்னை நானே பாராட்டிக்கொண்டு போனேன். அந்த வேலைக்கு ஆள் கிடைப்பது கஷ்டம்.

3. மாப்பிள்ளை அழைப்பு

அன்று சாயங்காலமே மாப்பிள்ளை அழைப்பு. பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு ஒரு கிலோமீட்டர் ஊர்வலம்.

பூஜை போடாமல் நான் எந்த வண்டியையும் ஒப்படைத்ததில்லை. சந்தனம், குங்குமம், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் எல்லாம் ஆயிற்று. கல்யாண வண்டி என்பதால் ஆள் உயரத்துக்கு, தொடை கனத்தில் ஒரு சாமந்தி மாலை. அதை வண்டியின் முன்பக்கக் கிரில்லின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மூன்று சுற்றுச் சுற்றி, இம்மியும் அசையாமல் நானே இறுக்கிக் கட்டினேன். நல்ல தொழிலாளி எதைச் செய்தாலும் கெட்டியாகச் செய்வான்.

ஸ்டீயரிங்கில் நான். பின்சீட்டில் கோட்டுக்குள் வேர்த்துக்கொண்டு மாப்பிள்ளை. என் பக்கத்தில் அவருடைய தாய்மாமன், மதுராந்தகத்து நெல் வியாபாரி. முன்னால் நாதஸ்வரமும் தவிலும் ஆமை வேகத்தில் போயின. பாதி வழியில் முள் சிவப்பைத் தொட்டது. பானெட் இடுக்கெல்லாம் ஆவி.

"இன்னா மேஸ்திரி, சாம்பிராணி போடுறியா?" என்றார் மாமன்.

"லேசா ஹீட்டு சார்."

"இன்னா ரேடியேட்டரு?"

"அலுமினியம்."

"எங்க வூட்ல அலுமினியக் குண்டான்ல பாலு கூட காய்ச்ச மாட்டோம். நீ மாப்பிள்ளையவே காய்ச்சிகினு கீறியே!"

இன்ஜினை நிறுத்தி பானெட்டைத் தூக்கினேன். மேளம் நின்றது. தெர்மோஸ்டாட்டா, வாட்டர் பம்ப்பா, நான் கடையக் கொடுத்த ஸ்பேசரா? மண்டபத்திலிருந்து திலீபன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"இன்னா ஆச்சுண்ணா?"

"நீங்க சொன்ன கூலன்ட்டுதான் தம்பி" என்றேன். இருபத்தாறு வருட அனுபவம் இதற்குத்தான் உதவும். பழிபோட ஒரு வினாடி போதும்.

மாமன் பின்னால் வந்த ஏசி காரைக் கைகாட்டி நிறுத்தினார். "மாப்ள, எறங்கு. நல்ல நேரம் போவுது."

"மாமா, அஞ்சே நிமிஷம்" என்றார் திலீபன். "அப்பா ஆசைப்பட்ட வண்டி மாமா." மாப்பிள்ளை ஒரு காலைத் தரையில் வைத்தவர் அப்படியே நின்றார்.

அப்போது நாதஸ்வரக்காரர் வண்டியின் முன்னால் வந்து மாலையில் கை வைத்து, உடனே உதறினார்.

"அண்ணாத்த, பூவு வெந்துபூட்ச்சு."

"இன்னாது?"

"அப்பத்லேந்து வாசனை வந்துகினே கீது, பந்தியில எதுனா தீயுதோன்னு நெனச்சேன். வண்டி மூஞ்சிய இப்புடி இறுக்கிக் கட்டிக்கீறியே, எங்கேந்து மூச்சு இழுக்கும்? என் மூக்கப் பொத்திட்டு ஊதச் சொன்னா நான் ஊதுவனா?"

கையை வைத்துப் பார்த்தேன். நடுவிலிருந்த சாமந்தி கீரைக்கூட்டு பதத்துக்கு வந்திருந்தது. திலீபனின் பதினேழு கேள்விகளில் இது இல்லை. வெளிநாட்டில் எவனும் ரேடியேட்டருக்கு மாலை போடுவதில்லை.

"கூலன்ட்டு இல்ல தம்பி" என்றேன். "மாலை. நான்தான் கட்டுனேன்." ரேடியேட்டர் மாட்ட எனக்கு மூன்று நாள் ஆனது. இந்த ஆறு வார்த்தை அதைவிட இழுத்தது.

அவிழ்க்கப் போனால் மாமன் தடுத்தார். "மாப்ள வண்டி மாலைய நடுரோட்ல கழட்டிக் கீழ வெப்பாங்களா? ஆவாது!"

"கீழ ஏன் வெக்கணும்? கட்டுனவரு கழுத்துல போடு" என்றார் நாதஸ்வரக்காரர்.

போட்டார்கள். வெந்த சாமந்தி சட்டைக்குள் இறங்கி முதுகில் சொட்டியது. இன்ஜினை ஓடவிட்டேன். ஃபேன் காற்றை இழுத்தது. ஒரு முழுக் கீர்த்தனை முடிவதற்குள் முள் பாதிக்கு இறங்கிவிட்டது. மாப்பிள்ளை வெளியே வைத்த காலை உள்ளே எடுத்துக்கொண்டார். ஏசி கார் ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று.

மண்டப வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்கள் முதலில் கண்ணில் பட்ட மாலைக்காரனுக்குச் சுற்றி, நெற்றியில் பொட்டும் வைத்துவிட்டார்கள். நான் மறுக்கவில்லை. திருஷ்டி கழிய வேண்டிய ஆள் நான்தான். திலீபன் அப்பாவின் வண்டியின் பானெட்டை ஒருமுறை தடவிவிட்டு, போனை எடுத்து எதையோ தட்டினார். எட்டிப் பார்த்தேன். பதினெட்டாவது கேள்வி.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். புது ரேடியேட்டர் மாட்டினால் அதற்குப் பின்னால் இருப்பதை மட்டுமல்ல, முன்னால் இருப்பதையும் பாருங்கள். கஸ்டமர் கேள்வி கேட்டால் பதில் சொல்லுங்கள். பூஜை இன்றும் போடுகிறேன். மாலை மட்டும் இப்போது ஸ்டீயரிங்குக்குப் போகிறது.

அன்று எடுத்த போட்டோவைத் திலீபன் பிரேம் போட்டு அனுப்பினார். மாலையும் பொட்டுமாக நான், பின்னால் கார். ஷெட்டில் மாட்டியிருக்கிறேன். என் மனைவி அதைப் பார்த்துப் பதறினாள்.

"உயிரோட கீற ஆளு படத்த இப்புடி மாலையும் பொட்டுமா மாட்டுவாங்களா? எடுங்க மொதல்ல!"

எடுக்கவில்லை. இருபத்தாறு வருடம் ஓயாமல் பேசிய ஒரு வாய் அன்றைக்குத்தான் போய்ச் சேர்ந்தது. இது அதன் படம்.