செகண்ட்ஸ் ராஜாங்கம்

"கிளி வேணுமா, மொயலா? நல்லாப் பாத்துச் சொல்லு. அப்பறம் மாத்திக் குடுக்க மாட்டேன்" என்றபடி ராஜாங்கம் கட்டிலின் மேல் பீங்கான் பொம்மைகளை வரிசையாக வைக்கிறார். ஒன்பது வயது அன்பரசி யோசித்து, மூக்கில்லாத கிளியை எடுக்கிறாள். தலையணையில் சாய்ந்தபடியே கையை ஓங்கி எதிர்ச் சுவரில் விட்டெறிகிறாள். கிளி தூள். "பத்தல. இன்னும் கொஞ்சம் கோவமா எறியணும். ஒன் ஸ்கூலு கணக்கு டீச்சர நெனச்சிக்க." முயலும் தூள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு ஆராயி, "ஏம்ப்பா, அது வூடா, பட்டறையா?" என்று கத்துகிறார். ராஜாங்கம் ஒரு யானையை எடுத்து நீட்டுகிறார்.

செராமிக் எஸ்டேட்டில் சூளையைத் திறக்கும்போது மூக்கு உடைந்தது, கண் கோணியது, வண்ணம் வழிந்தது என்று ஒதுக்குகிற எல்லாவற்றுக்கும் விருத்தாசலத்தில் ஒரே பெயர், செகண்ட்ஸ். அவற்றை வைக்கோல் போட்ட கூடையில் அடுக்கி, டி.வி.எஸ். வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டிலும் ஜங்ஷனிலும் விற்பது ராஜாங்கத்தின் தொழில். ஐம்பது வயது. தொப்பை உண்டு, பொறுமை கிடையாது. "பொம்மை கோணலா இருக்குதே" என்று யாராவது சொல்லிவிட்டால், "நீங்க கெளம்பறப்ப கண்ணாடி பாத்தீங்களா?" என்பார். இப்படி வியாபாரம் செய்து ஒரு மனிதர் இத்தனை வருஷம் சாப்பிட்டிருக்கிறார் என்றால் அது இந்த ஊரின் பெருந்தன்மை.

மத்தியானத்துக்கு மேல் அவருக்கு வேறு வேலை. பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாம் பார்த்துவிட்டு, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்ட பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்குப் போவார். பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, பெற்றவளைத் தூங்கவோ குளிக்கவோ ரேஷன் கடைக்கோ விரட்டுவார். இப்போதைக்கு நாலு வீடு. அன்பரசியின் வீடு என் வீட்டுக்கு எதிரில் இருப்பதால் இவ்வளவும் எனக்குத் தெரியும். அவளுக்கு இடுப்பெலும்பில் புற்று.

இது எப்படி ஆரம்பித்தது என்று ஒருநாள் கேட்டேன். உருக்கமாக ஏதாவது சொல்வார், எழுத உதவும் என்ற ஆசைதான். "எங்க ஆரம்பிச்சேன்? மாட்டிக்கிட்டேன்" என்றார். கார்த்திகைக்கு அகல் விளக்கு விற்க ஒரு வீட்டுக்குப் போனாராம். "அஞ்சு நிமிஷம் புள்ளையப் பாத்துக்குங்கண்ணே, மொகம் கழுவிட்டு வந்துடறேன்" என்று உள்ளே போன பெண் அடுக்களைத் தரையிலேயே சாய்ந்து தூங்கிவிட்டாள். இருட்டும் வரை எழுந்திருக்கவில்லை. "எழுப்பித் திட்டலாம்னு பாத்தேன். அந்தத் தூக்கத்தப் பாத்தா மனசு வரல. புள்ள வேற என் மீசையப் புடிச்சிகிட்டு வுடல." அவசரத்தில் கூடையை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர், மறுநாள் அதை எடுக்கப் போய் மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

அவரைத் தியாகி என்று நினைத்துவிட வேண்டாம். நோயாளிக்கு என்று வருகிற ஆப்பிளில் பாதி அவர் வயிற்றுக்குத்தான் போகும். நான் வாங்கிப் போனதை என் எதிரிலேயே கடித்துக்கொண்டு, "மாவாட்டம் இருக்குது, அடுத்த தரம் வேற கடையில வாங்குங்க" என்றார். ஹார்லிக்ஸை ஸ்பூனால் அள்ளி வாயில் போட்டுக்கொள்வார். தாயம் ஆடினால் காய்களை நகர்த்தித் திருடுவார். அன்பரசி கண்டுபிடித்துவிட்டால், "வயசானவன்மா, கண்ணு தெரியல" என்பார். பார்க்க வந்து மூக்கைச் சிந்துகிற சொந்தக்காரர்களை அவரால் தாங்கவே முடியாது. ஒரு தடவை அன்பரசியின் அம்மா வாசுகியின் பெரியம்மா வந்து, பிள்ளையின் கன்னத்தைத் தடவி, "இந்தத் தங்கத்துக்கா இப்படி?" என்று ராகம் எடுத்தார். "யக்கா, புள்ள காதுல வுழுவுது. இன்னும் ஒரு அடி பாடுனீங்கன்னா நானும் கூட சேந்து பாடுவேன். எங்குரல் நல்லாருக்காது" என்றார் ராஜாங்கம். பெரியம்மா செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனவர்தான்.

ஊரிலும் அவருக்கு நல்ல பெயர் இல்லை. அவர் போய் வந்துகொண்டிருந்த வீடுகளில் இரண்டு பிள்ளைகள் போய்விட்டார்கள். அதனால் அந்த வண்டி எந்த வாசலில் நிற்கிறதோ அந்த வீட்டுக்கு ஆகாது என்று பேச்சு. கல்யாணப் பத்திரிகை கொடுக்க யோசிக்கிறார்கள். "எமனுக்கு எரும, எனக்கு டி.வி.எஸ். ரெண்டும் ஒரே மைலேஜிதான்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். ஆனால் அந்த இரண்டு பிள்ளைகளின் பெயரை யாராவது எடுத்தால் சிரிப்பு நின்றுவிடும். கூடையில் இருக்கிற வைக்கோலைக் கலைத்து மறுபடி அடுக்க ஆரம்பித்துவிடுவார்.

பொம்மை உடைப்பதற்கு ஒரு சட்டம் உண்டு. சாமியை உடைக்கக் கூடாது. "பிள்ளையார ஒடைக்கணும் மாமா" என்று அன்பரசி ஒருநாள் அடம்பிடித்தாள். ராஜாங்கம் கூடையைக் கிளறி ஒரு பிள்ளையாரை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தும்பிக்க இல்ல. தும்பிக்க இல்லாட்டி இவரு பிள்ளையாரு இல்ல, யாரோ குண்டு ஆளு. ஒடைச்சிக்க" என்று கொடுத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமைகளில் பானுமதி சிஸ்டர் வருவார். புதுச்சேரியில் ஒரு தொண்டு அமைப்பின் நர்ஸ். வீடு வீடாகப் போய் வலிக்கு மருந்து கொடுப்பது, படுக்கைப் புண் வராமல் பார்ப்பது, பெற்றவர்களோடு உட்கார்ந்து பேசுவது அவர் வேலை. முதல் தடவை தரையெல்லாம் சில்லுகளைப் பார்த்ததும் ராஜாங்கத்தைப் பிடிபிடியென்று பிடித்தார். ஆனால் அன்றைக்குத்தான், "வலிக்குதா பாப்பா?" என்ற கேள்விக்கு அன்பரசி, "ஆமா, ராத்திரில ரொம்ப" என்றாள். அதுவரை யார் கேட்டாலும் "நல்லாருக்கேன்" என்று சிரித்த பெண் அவள். மருந்தின் அளவை மாற்றிக் கொடுத்துவிட்டு, செருப்புப் போடாமல் யாரும் உள்ளே வரக்கூடாது, சில்லுகளை ராஜாங்கமே பெருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு சிஸ்டர் அனுமதி கொடுத்தார்.

"பெரியவங்களுக்கே இந்த வைத்தியம் செய்ய ஆளில்லிங்க. கொழந்தைங்கன்னா கேக்கவே வேணாம்" என்று பானுமதி என்னிடம் சொன்னார். "மாசாமாசம் புதுசா ஒரு வூடு சேருது. நான் ஒருத்தி பஸ்ஸு மாறி மாறிப் போயிகிட்டிருக்கேன். ராஜாங்கம் அண்ணன் மாதிரி தெருவுக்கு ஒருத்தர் வேணுங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேணாம், ஊருக்கு ஒருத்தரே போதும்" என்று திருத்திக்கொண்டார்.

அன்பரசியின் அப்பா விருத்தகிரி கொத்தனார். நல்ல மனிதர். மகளுக்காக எதையாவது செய்துகொண்டே இருந்தால்தான் அவரால் மூச்சு விட முடியும். கோயில், மந்திரிப்பு, மூலிகை என்று எங்கே யார் சொன்னாலும் அவளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். கடைசியாக வேப்பூரைத் தாண்டி ஒரு எண்ணெய் வைத்தியர் இருப்பதாகக் கேள்விப்பட்டார். எலும்பு பொடிந்துகொண்டிருக்கிறது, பஸ்ஸில் கொண்டுபோனால் வலிதான் மிஞ்சும் என்று பானுமதி எவ்வளவோ சொன்னார். "அப்ப பெத்தவன் கையக் கட்டிகிட்டு உக்காந்திருக்கணுமா?" என்று விருத்தகிரி கேட்டார்.

அந்த வியாழக்கிழமை வாசுகி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ராஜாங்கத்துக்கும் அன்பரசிக்கும் தாயம் நடந்துகொண்டிருந்தது. "மாமா, ஞாயித்துக்கெழம வேப்பூருக்கு அந்தாண்ட போறோமாம்" என்றாள் அன்பரசி. "எனக்குப் போவ வேணாம் மாமா. பஸ்ஸு குலுக்குது."

"அப்பாகிட்ட சொல்லேன்."

"சொன்னா அப்பா அழுவும். நீங்களும் சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

தாயத்தில் திருடுகிற அந்தக் கை அவள் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தது. ராஜாங்கம் அந்த ஆட்டத்தில் திருடாமலேயே தோற்றார்.

சனிக்கிழமை காலையில் பஸ் ஸ்டாண்டில் அவரோடு டீ குடித்துக்கொண்டிருந்தேன். விருத்தகிரி வந்தார். ராஜாங்கம் தன்னைத்தானே வாசுகிக்கு அண்ணனாக நியமித்துக்கொண்டதால் இவருக்கு அவர் மச்சான். "மச்சான், நாளைக்குப் போறோம். நீயும் வா. ஒரு பக்கம் நீ தாங்கிப் புடிச்சிக்க, ஒரு பக்கம் நான்."

ராஜாங்கம் டீ கிளாஸைக் கீழே வைத்தார். பிள்ளைக்குச் செய்த சத்தியத்தை மீற முடியாது. "இரு, வரேன்" என்று வண்டியை எடுத்துக்கொண்டு எஸ்டேட்டுக்குப் போனார். திரும்பி வரும்போது வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தே வந்தார். கூடைக்குள் பஞ்சு மேல் ஒரு வெள்ளைக் குதிரை. அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்தது, சூளைக்குப் போகாதது. சுடாத பொம்மையை எஸ்டேட்டில் பலகையில் வைத்து நடந்துதான் எடுத்துப் போவார்கள். அழுத்திப் பிடித்தால் காது கையோடு வந்துவிடும். அந்தக் குதிரையின் கால்கள் என் சுண்டுவிரலை விட மெல்லியவை.

"மாப்ள, இத மடியில வெச்சிகிட்டு வேப்பூரு வரைக்கும் பஸ்ஸுல போயி, அடுத்த பஸ்ஸ புடிச்சித் திரும்பி வா. முழுசா கொண்டாந்துட்டன்னா நாளைக்கு நானே புள்ளையத் தூக்கியாறேன். ஒடைஞ்சிச்சின்னா வாயப் பொத்திகிட்டு வூட்ல இரு."

விருத்தகிரி ரோஷக்காரர். குதிரையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

ராஜாங்கம் என்னிடம் இன்னொரு டீ வாங்கிக் குடித்தார். "நாலு காலும் நல்லூர்லயே எறங்கிடும். தல மட்டும் வேப்பூரு போவும்" என்றார். தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு வடையும் தின்றார். அதுவும் என் கணக்குதான். வெயில் ஏறியது. வேப்பூர் பஸ்கள் ஒவ்வொன்றாக வந்து போயின. எதிலும் விருத்தகிரி இல்லை.

பன்னிரண்டு மணிக்கு மேல் ஒரு பஸ்ஸிலிருந்து, கண்டக்டர் வழிவிடச் சொல்லிக் கத்த, விருத்தகிரி இறங்கினார். இரண்டு உள்ளங்கைகளும் நெஞ்சுக்கு நேராக நீட்டியபடி இருந்தன. அதன் மேல் குதிரை. நாலு கால், இரண்டு காது, வால் எல்லாம் முழுசாக.

"மடியில வெச்சா போயிடும்னு பஸ்ஸு கெளம்புனதுமே தெரிஞ்சி போச்சி மச்சான்" என்றார் விருத்தகிரி. "அதான் கையிலயே ஏந்திகிட்டேன். பள்ளம் வரப்பல்லாம் எந்திரிச்சி நின்னுகிட்டேன். ஒடையல பாரு."

ராஜாங்கம் தலையைத் தொங்கப் போட்டார். நாளைக்குப் பஸ்தான் என்று எனக்கும் முடிவாகிவிட்டது.

விருத்தகிரி நகரவில்லை. "திரும்பி வரப்ப இதயே பாத்துகிட்டு வந்தேன். இது மண்ணு. வலிச்சாலும் சொல்லாது. எம்பொண்ணும் சொல்லலியே மச்சான். ஸ்ரீமுஷ்ணம் போயிட்டு வந்தப்ப வழி பூரா புள்ள அவங்கம்மா முந்தானைய வாயில வெச்சிகிட்டே வந்துச்சி. தூக்கம் வருதாட்டம் இருக்குதுன்னு நெனச்சேன். கடிச்சிகிட்டு வந்திருக்கு. எங்காதுல வுழுவக் கூடாதுன்னு கடிச்சிகிட்டு வந்திருக்கு." பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேர் பார்க்க அவர் முகம் கோணியது. "போவல. எங்கயும் போவல."

வீட்டுக்கு மூன்று பேரும் நடந்தே வந்தோம். ராஜாங்கம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். குதிரையைத் தர விருத்தகிரி சம்மதிக்கவில்லை. தானே கொண்டுவந்து இலவச கலர் டிவியின் மேல் வைத்துவிட்டு, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "நாளைக்குப் போவல கண்ணு. அப்பாவும் வேலைக்குப் போவல. இங்கயேதான் இருக்கப் போறேன்."

"நெஜமாவாப்பா?"

"நெஜமா."

அன்பரசி ஏன் என்று கேட்கவில்லை. அப்பாவின் கைகள் மடங்காமல் நடுங்குவதைத்தான் பார்த்தாள். "கை வலிக்குதாப்பா?" என்றாள்.

"வலிக்குதும்மா" என்றார் விருத்தகிரி. சொன்னதும் அவருக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை.

"எனக்கும் வலிக்குதுப்பா" என்றாள் அன்பரசி. பிறகு அவர் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, மெலிந்த விரல்களால் முழங்கையிலிருந்து அமுக்கிவிட ஆரம்பித்தாள். அடுக்களை வாசலில் வாசுகி நின்றுகொண்டிருந்தார்.

ராஜாங்கம் காலியான கூடையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். அவர் வண்டிக்குச் சைலன்சர் போய் வெகு நாளாகிறது. கிளப்பினால் தெருவே அதிரும். பெடலில் வைத்த காலை எடுத்துவிட்டு, ஸ்டாண்டைச் சத்தம் வராமல் கையால் தூக்கிவிட்டு, வெயிலில் ஜங்ஷன் ரோடு வரைக்கும் தள்ளிக்கொண்டே போனார்.