இரண்டாவது சாவி

மழை நின்று ஒரு பகல் முழுக்க வெயில் அடித்த பிறகு, என் காரின் வைப்பர் தானாக ஆடத் தொடங்கியது. ஐப்பசி மாதம். சிக்னலில் நின்றுகொண்டிருந்தேன். இரண்டு கைகளும் ஸ்டியரிங்கின் மேல்தான் இருந்தன. காய்ந்த கண்ணாடியைப் பதினேழு தடவை தேய்த்துவிட்டு, யாரோ அதட்டியதுபோல அது நின்றது.

வீட்டுக்கு வந்து மகனிடம் சொன்னேன்.

"கை பட்டிருக்குமுங்கப்பா," என்றான். போனிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"என்ற கை எங்க இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா?"

"வயசாச்சுன்னா அப்படித்தானுங்க. உடுங்க."

நான் விடுகிற ஆள் இல்லை. பி.எஸ்சி. கணிதம் படித்துவிட்டு, முப்பத்தொரு வருடம் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் துணி சரிபார்க்கும் பிரிவில் இருந்தவன். விளக்குப் பலகையின் மேல் ஓடும் பனியன் துணியில் ஓட்டை எண்ணுவது என் வேலை. எத்தனையாவது மீட்டர், எத்தனை அங்குலம், எண்ணெய்க் கறையா, ஊசி விட்ட கோடா என்று எழுதிக் காட்டினால்தான் நிட்டிங்காரன் ஒத்துக்கொள்வான். வாயால் சொன்னால் சிரிப்பான். அதனால் ஒரு நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டுக் காருக்கென்று வைத்துக்கொண்டேன். தேதி, நேரம், இடம், கோளாறு, எத்தனை தடவை.

ஏழு வாரத்தில் முப்பத்தெட்டு வரிகள் சேர்ந்தன. நல்லூரில் பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஹாரன் ஒன்பது விநாடி நிற்காமல் அடித்தது. பிள்ளைகள் கைதட்டின. இன்னொரு நாள் நான்கு கதவுகளும் தாமாகவே ஆறு தடவை பூட்டித் திறந்தன. இடது பக்கத்துக்கு இண்டிகேட்டர் போட்டால் இரண்டு பக்கமும் மின்னியது. முப்பத்தெட்டில் முப்பத்தொன்று, மழை பெய்து இரண்டு நாளுக்குள் வந்தவை. அதைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு மகனிடம் நீட்டினேன். அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயிலில், காரைப் பக்கத்து ஊரான நெருப்பெரிச்சல் வரை ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பினான்.

"ஒண்ணுமே இல்லீங்கப்பா. வண்டி சும்மா கிண்ணுனு போகுது. உங்க நோட்டுக்குத்தான் சர்வீஸ் பண்ணோணும்."

என் மனைவி சிரித்தாள். அதையும் நான் கவனித்தேன்.

கார் எனக்கு எதற்கு என்று சொல்லிவிட வேண்டும். மனைவிக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. திங்களும் வியாழனும் பிசியோதெரபிக்குப் போக வேண்டும். ஆட்டோவில் ஏற அவளுக்குக் கால் மடங்காது. கம்பெனி வேலை முடிந்து, கணக்கு, வீடு எல்லாம் மகன் கைக்குப் போன பிறகு, அந்தத் திங்களும் வியாழனும் மட்டும்தான் என் கையில் இருந்தன. வாரத்துக்கு இரண்டு நாள், போக இருபத்திரண்டு நிமிடம், வர இருபத்தைந்து.

கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை, அவளை அழைத்துக்கொண்டு திரும்பும்போது, வானம் மூடியிருந்ததால் ஹெட்லைட்டைப் போட்டேன். நல்லூர்த் தெருவுக்குள் திரும்பியதும் லைட் அணைந்தது. ஓரத்தில் நிறுத்தியிருந்த ஒரு பைக்கை இடித்துவிட்டேன். அதன் பின்னால் கட்டியிருந்த சாயத்துணி மூட்டை சாக்கடையில் விழுந்தது. யாருக்கும் அடிபடவில்லை. பைக்குக்காரரிடம் மகன்தான் வந்து பேசி முடித்தான்.

அன்றைக்கே கையை நீட்டினான்.

"போதுமுங்கப்பா. சாவியக் குடுங்க."

"வண்டியில கோளாறு. என்னுட்ட இல்ல."

"அத யாரு சொல்றது?"

"எலக்ட்ரீசியன் சொல்லட்டும். வண்டி நல்லா இருக்குதுன்னு அவன் சொன்னா, சாவிய உன்ற கைல வெச்சர்றேன். கோளாறுன்னு சொன்னா, நான் ஓட்டறதப் பத்தி நீ வாயத் தொறக்கக் கூடாது."

கொஞ்சம் யோசித்தான். "சரீங்க, பேசலை," என்றான். மனைவி சாட்சியாக நின்றாள்.

முதலிபாளையம் தொழிற்பேட்டைக்குப் போகிற வழியில் ஒரு கார் எலக்ட்ரீசியன் இருக்கிறார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பத்தொன்பது வருடமாக இங்கே இருந்தும் பேச்சு மாறவில்லை. வண்டியில் ஒரு கருவியைச் செருகிப் பார்த்தார். பதினொரு கோளாறு காட்டியது. பிறகு முன் இருக்கையின் கால்மாட்டில் மல்லாந்து படுத்து, டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டியைக் கழற்றி எடுத்தார். வைப்பர், லைட், ஹாரன், கதவு, சாவி எல்லாவற்றுக்கும் உத்தரவு போடுவது அதுதானாம். பிசிஎம் என்றார். அதன் கம்பிமுனைகளில் பச்சைப் பூசணம்போலக் களிம்பு படிந்திருந்தது. இருபத்துநாலு முனைகளுக்கு ஒரு வரிசை. நான் எண்ணியவரை அதில் ஒன்பது போய்விட்டன.

"தண்ணி எப்படி வந்தது?" என்று கேட்டேன்.

அவர் முன்கண்ணாடிக்குக் கீழே இருந்த பிளாஸ்டிக் தட்டியைக் கழற்றினார். கையை உள்ளே விட்டு இழுத்தார். நனைந்த பூனைக்குட்டிபோல ஒரு பஞ்சு உருண்டை வந்தது. இன்னொன்று வந்தது. மூன்று கைப்பிடி.

"அண்ணாச்சி, வண்டிய பனியன் கம்பெனிக்குள்ளயா நிப்பாட்டுதீய?"

கிட்டத்தட்ட அப்படித்தான். எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் மகனுக்கு எட்டு நிட்டிங் மெஷின்கள் ஓடுகின்றன. அவற்றின் பஞ்சுத் தூசியை வெளியே தள்ளும் ஃபேனுக்கு நேர் கீழே என் கார் நிற்கிறது. அந்த ஃபேனை அங்கே வைக்காதே என்று அவன் கட்டிடம் கட்டும்போதே நான் சொன்னேன்.

"மழத்தண்ணி எறங்குற ஓட்டைய பஞ்சு அடச்சிட்டு. பொறவு தண்ணி எங்க போவும்? உள்ள பூந்து பொட்டி மேல சொட்டியிருக்கு. மழைக்குப் பொறவு ரெண்டு நாளு ஆட்டம் போட்டிருக்குமே?"

நோட்டை விரித்து, சிவப்பு மையில் கோடிட்ட வரியைக் காட்டினேன். அவர் படித்துவிட்டு, "இப்படி எழுதிக் கொண்டாந்தா எனக்குப் பாதி வேல மிச்சம்," என்றார். ஏழு வாரத்தில் என்னை நம்பிய முதல் ஆள் அவர்தான்.

ஒரு பிடி பஞ்சைத் தாளில் சுற்றிக்கொண்டு போய் மகனின் மேசையில் வைத்தேன். பார்த்தான்.

"சரீங்கப்பா. நீங்க சொன்னதுதான் நெசம்," என்றான்.

அன்று சாப்பிடும்போது மனைவியிடம் அதை இரண்டு தடவை சொன்னேன். அவள் தட்டைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டாள்.

புதுப் பெட்டி கோயமுத்தூரிலிருந்து ஆறாம் நாள் வந்தது. எலக்ட்ரீசியன் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, வண்டிக்குச் சாவி எத்தன?"

"ரெண்டு. ஒண்ணு எங்கிட்ட. இன்னொண்ணு மகன்கிட்ட."

"ரெண்டையும் கொண்டாங்க. புதுப் பொட்டிக்கு எந்தச் சாவியயும் அடையாளம் தெரியாது. நாமதான் காட்டிக் குடுக்கணும். இன்னைக்கி வராத சாவியப் போட்டா கதவு தொறக்கும், எஞ்சின் எடுக்காது. அதச் சேக்கணும்னா பொறவு எல்லாச் சாவியயும் கொண்டாந்து மொதல்லருந்து செய்யணும்."

மகனுக்குப் போன் செய்தேன். உடனே வந்தான். வழக்கமாக நான் கூப்பிட்டால் மூன்று தடவைக்கு மேல் அடிக்க வேண்டும்.

"நீங்க ஊட்டுக்குப் போங்கப்பா, அம்மா தனியா இருக்குது. நானிருந்து எடுத்துட்டு வர்றேன்."

என் சாவியை அவன் உள்ளங்கையில் வைத்தேன். "ரெண்டுன்னு எண்ணிக் குடு," என்றும் சொன்னேன். அவனுடைய பைக்கை ஓட்டிக்கொண்டு போ என்று அவன் சொல்லவில்லை. பஸ்ஸில் வந்தேன். மாலையில் கார் வந்தது. என் சாவி என் மேசைக்கு வந்தது.

மறுநாள் வியாழன். மனைவியை ஏற்றி, காலைத் தூக்கி உள்ளே வைத்து, கதவைச் சாத்தினேன். என் பக்கம் வந்து உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். டேஷ்போர்டில் சாவி வடிவத்தில் ஒரு சின்ன விளக்கு மின்னியது. எஞ்சின் எடுக்கவில்லை. மறுபடி திருப்பினேன். விளக்கு இருபது தடவை மின்னியதை எண்ணிக்கொண்டு, எடுத்து மீண்டும் செருகினேன். புதுப் பெட்டியும் போச்சா என்றுதான் நினைத்தேன். நான்காவது தடவை திருப்பும்போது மனைவி நேரே கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"போதுமுங்க. அது எடுக்காது."

அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. இறங்கி எலக்ட்ரீசியனுக்குப் போன் செய்தேன்.

"அது வந்து அண்ணாச்சி," என்று இழுத்தார். "ஒரு சாவி போதும், அப்பா ஓட்டுறத நிறுத்திட்டாருன்னு உங்க மகன் சொன்னாரு. நீங்களே விட்டுட்டீயன்னுதான் நெனச்சேன்."

கீழ்த்தளத்துக்குப் போனேன். எட்டில் ஆறு மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டும். வேலைக்கு இருந்த பீகார்க்காரர்கள் இரண்டு பேர் எங்களைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"நீ என்ன வார்த்த குடுத்தே?"

"வண்டியில கோளாறுன்னா பேச மாட்டேன்னு சொன்னேனுங்க. பேசவே இல்லீங்களே."

அவன் என்னைக் கண்ணாடி அறைக்குள் அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினான். என் நோட்டு அங்கே அவன் மேசையில் கிடந்தது. எப்போது எடுத்தான் என்று தெரியாது. கடைசிப் பக்கத்தைப் பிரித்தான்.

"இது உங்க கையெழுத்துதானுங்களே. வியாழன், அஞ்சு இருவது, ஹெட்லைட் அணைந்தது."

"ஆமா."

"அஞ்சு இருவதுக்கு நம்மூர்ல இருட்டுக் கட்டிருமுங்களா?"

"மேகம் போட்டிருந்துச்சு."

"மேகம் போட்டிருந்துச்சு, சரீங்க. லைட் இல்லாட்டிப் பைக்கு தெரியாத அளவுக்கா? அம்மா மூணு தடவ சொல்லுச்சாமுங்க, வண்டி நிக்குது, வண்டி நிக்குதுன்னு."

எனக்கு ஒரு தடவைதான் கேட்டது. அது கேட்கும்போது இடித்தாகிவிட்டது. அந்த ஒரு தடவையையும் நான் நோட்டில் எழுதவில்லை. லைட் அணைந்ததை எழுதினேன், இடம் எழுதினேன், மூட்டை விழுந்ததைக்கூட எழுதினேன். பைக் என் கண்ணில் படவே இல்லை என்பதற்கு நான் கோடு போட்டு வைத்திருந்த ஐந்து பத்திகளில் இடம் இல்லை என்று அப்போது எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

"கண்ணு டாக்டரப் பாக்கலாமுங்க," என்றான். அவன் குரல் இப்போது இறங்கியிருந்தது. அதுதான் எனக்கு இன்னும் கசந்தது. "அவரு ஓட்டலாம்னு சொல்லட்டும். அன்னைக்கே ரெண்டு சாவியையும் எடுத்துட்டுப் போய் உங்குளுதையும் சேத்துக் குடுக்கறேன். இது பேச்சுங்க."

"உன்ற பேச்சு எனக்குத் தெரியும்," என்று சொல்லிவிட்டு மாடி ஏறினேன். பதினெட்டுப் படி.

அன்றிரவு மனைவியிடம் கேட்டேன், என்னிடம் சொல்லாமல் அவனிடம் ஏன் சொன்னாய் என்று.

"உங்குளுட்டயும் சொன்னேனுங்க," என்றாள். "மூணு தடவ."

இப்போது திங்களும் வியாழனும் மகனுடைய டெலிவரி வண்டி டிரைவர் வந்து காரை எடுக்கிறார். மனைவிக்குக் கால் நீட்ட வேண்டும் என்பதால் அவள் முன்னால் உட்காருகிறாள். நான் பின்னால். அவர்கள் இருவரும் மெஷின் வாடகை, மழை, டிரைவரின் ஊர் என்று பேசிக்கொண்டே போகிறார்கள். டிரைவர் வேகத்தடையில் மெதுவாகத்தான் ஏறுகிறார். குறை சொல்ல ஒன்றும் கிடைப்பதில்லை. போக இருபது நிமிடம்தான் ஆகிறது.

வழியில் ஒரு கண் ஆஸ்பத்திரி இருக்கிறது. மகன் சொல்லிக் கொடுத்திருப்பான் போலிருக்கிறது, போன வியாழக்கிழமை டிரைவர் அதன் வாசலில் வேகத்தைக் குறைத்தார்.

"நிறுத்தட்டுங்களா?"

மனைவி திரும்பவில்லை. மகன் கண் டாக்டர் பேச்சை எடுத்துப் பதினொரு வாரம் ஆகிறது. உள்ளே படிக்கச் சொல்லும் எழுத்து அட்டையில் எந்த வரிசையோடு நான் நிற்பேன் என்று எனக்குச் சுமாராகத் தெரியும்.

"எதுக்கு?" என்றேன். "நேராப் போ."