ஷேப் என்ற சொல்லும் அப்புத்தளை பஸ்ஸும்

ஆங்கில அகராதியில் 'ஷேப்' என்றால் வடிவம். அதைத் தொகுத்தவர் பதுளைக்கு வந்ததில்லை. வந்திருந்தால் பஸ் நிலையத்தில் இறங்கியதுமே திருத்தம் போட்டிருப்பார். இங்கே வளைவில் எதிரே லொறி வந்தால் சாரதி ஷேப்பாக ஒதுங்குகிறார். காய்ச்சல் விட்டவர் "இப்ப ஷேப்புங்க" என்கிறார். முறைத்துக்கொண்டிருக்கும் மாமியாரை மருமகள் ஷேப் பண்ணுகிறாள். தையற்காரர் ஒருவர்தான் அந்தச் சொல்லை அகராதிப்படி பாவிப்பவர். அவரும் ரவிக்கையைக் கெடுத்துவிட்டால், "ஷேப் பண்ணித் தர்றேங்க" என்று எதிர்க்கட்சிக்குப் போய்விடுவார்.

நான் மாவட்டச் செயலகமான கச்சேரியில் நிர்வாக உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். சுற்றுநிருபங்களைத் தமிழாக்கிய காலத்தில் இதற்கும் ஒரு சொல் தேடினேன். 'சமாளி' என்றால் வியர்க்கிறது. 'ஒப்பேற்று' என்றால், வேலை மட்டம் என்று நாமே கையெழுத்துப் போட்ட மாதிரி. 'சரிக்கட்டு' என்றதும் மேசைக்கு அடியில் ஒரு கை தெரிகிறது. 'சுமுகமாகத் தீர்' என்பதைப் பத்திரிகைக்காரர்கள் கொண்டுபோய்விட்டார்கள். இவை எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்து, யார் முகமும் சுருங்காமல் செய்து முடித்தால் அது ஷேப். பக்கத்து மேசைச் சிங்களக் கனவான்களும் இதே சொல்லையே வைத்திருந்ததால் மொழிபெயர்ப்புக்கு அவசரம் இருக்கவில்லை. முறை என்று ஒன்று இருக்கும்போது ஷேப் எதற்கு என்பது என் கட்சி. தங்கை மகள் கல்யாணத்தன்று அந்தக் கட்சி கலைந்தது.

கல்யாணம் பதுளை டவுனில், ஒரு மண்டபத்தில். மாப்பிள்ளை வீட்டார் அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து வந்தார்கள். எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளையின் தாய்மாமனைப் பெண்ணின் தாய்மாமன் வாசலில் வரவேற்க வேண்டும். மாலை, சந்தனம், பன்னீர், மேளம் எல்லாம் உண்டு. அது நடக்காமல் அவர் உள்ளே வரமாட்டார். அவர் மாலை எடுத்துக் கொடுக்காமல் தாலி ஏறாது. பெண்ணின் தாய்மாமன் நான். யார் எங்கே நிற்பது, பன்னீர்ச் செம்பு எந்தக் கையில் என்று முதல் நாளே ஒத்திகை வைத்தேன். நிச்சயதார்த்தத்தின்போது கண் சத்திரசிகிச்சைக்குப் போயிருந்ததால் அந்த மாமனை நான் பார்த்ததே இல்லை. அது மட்டும் ஒத்திகையில் வரவில்லை.

பஸ் வந்து நின்றது. முன்பக்கமாகச் சுற்றிக்கொண்டு ஒருவர் வந்தார். பட்டு வேட்டி, ஜரிகைத் துண்டு, நெற்றி நிறைய விபூதி. நான் கண் காட்டினேன், மேளம் முழங்கியது. மாலை போட்டேன், சந்தனம் பூசினேன், பன்னீர் தெளித்தேன். அவர் கைகூப்பி எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டார்.

"ரொம்ப சந்தோசங்க. பஸ்ஸ எங்கிட்டு நிப்பாட்டுறதுங்க?"

பஸ்ஸின் ஜன்னலோரத்தில், சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒரு மெலிந்த மனிதர் இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் மாமன், தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாரும் இறங்கினார்கள். அவர் இறங்கவில்லை.

தங்கை ஓடி வந்தாள். "டிரைவருக்கு மாலையப் போட்டுட்டு நிக்கிறீங்களேண்ணே! முகூர்த்தம் போயிரும். ஏறிப்போய் ஷேப் பண்ணுங்க!"

ஏறினேன். "தப்பு என்னோடதுங்க. உள்ள இன்னொரு மாலை இருக்கு."

"டிரைவருக்கு மொத மாலை, எனக்கு ரெண்டாவதா?"

"அந்த மாலையக் கழட்டி வாங்கிட்டா?"

"போட்டுக் கழட்டுனதா?" கண்ணாடியைத் துடைத்தார். "நான் கோவிச்சுக்கலீங்க. முறையத்தான் சொல்றேன். வரவேற்பு ஒரு தடவைதான். பஸ் வந்துச்சு, மேளம் அடிச்சாச்சு, முடிஞ்சு போச்சு."

அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு இதையே சொல்லியிருப்பேன். வேறு வழியில்லாமல் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"பஸ் இன்னும் வரலைன்னு வச்சுக்கிட்டா?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். "வரலைன்னா இப்ப எங்கிட்டு இருக்கு?"

"ஹாலிஎல ரோட்டுல."

"அப்ப அங்கிட்டு இருந்துதான் வரணும்."

"வரும்."

"மாப்பிள்ளை இல்லாம மாப்பிள்ளை பஸ் எப்பிடிங்க வரும்?"

நியாயம்தான். வாயில் லட்டுடன் நின்ற மாப்பிள்ளையை ஏற்றினோம். அவர் பின்னால் பெண்கள், பிள்ளைகள், சீர்த் தட்டுகள். சாரதி மாலையும் கழுத்துமாக உட்கார்ந்து ஹோர்னை அழுத்தினார். பஸ்ஸே ஊ என்று கூவியது. ஹாலிஎல ரோட்டில் திருப்பத் தோதான இடம் வந்தபோது மாமன் என் தோளைத் தட்டினார்.

"சம்பந்தி, நீங்க இங்கன இருந்தா அங்கன வரவேற்க யாரு?"

குதித்தேன். வந்த முச்சக்கர வண்டியை மறித்து ஏறினேன்.

"ஷேப்பாப் போவமா ஐயா?"

"ஷேப்பும் வேணாம், ஒண்ணும் வேணாம். பறந்து போப்பா!"

பின்னால் பஸ் திரும்பிவிட்டது. சாரதிக்குப் புது மாலையின் உற்சாகம்; எங்களை முந்தப் பார்த்தார். கோட்டுக்காரர் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்துவது எனக்கே கேட்டது. "டிரைவர், மெதுவா! அவரு மொதல்ல போகணும்யா!"

வாசலில் இறங்கியதும் தங்கை மாலையை என் மேல் எறிந்தாள். பன்னீர்ப் பெண்கள் பதற்றத்தில் என்னையே நனைத்தார்கள். மேளக்காரர் வடையை விழுங்கினார். பஸ் வந்தது. மாமன் நிதானமாக இறங்கி, மண்டபத்தை அப்போதுதான் பார்ப்பதுபோல நிமிர்ந்து பார்த்தார். மாலை போட்டேன்.

"பிரயாணம் எப்பிடிங்க?" என்றேன்.

"ரொம்பத் தூரங்க. இப்பதான் வந்து சேந்தோம்."

உள்ளே ஐயர் குரல் உடைந்துவிட்டது. "நேரம் முடியப்போவுது, மாமன்மார் ரெண்டு பேரும் வாங்க!"

மணவறைப் படியில் நான் நின்றேன். "நீங்க மொதல்ல ஏறுங்க."

"அது முறையில்லீங்க. பொண்ணோட மாமன் நீங்க, நீங்கதான்."

"விருந்தாளி நீங்க."

"அப்பிடிப் பாத்தாலும்..."

ஆளுக்கொரு கை முதுகில் விழுந்தது. தங்கையின் கை. இருவரும் ஒன்றாகவே தடுமாறி மேலே போய் விழுந்தோம். கைக்கு எட்டிய மாலையை ஆளுக்கொன்றாக நீட்டினோம். கெட்டிமேளம் அடிக்க, தாலி ஏறியது. அரிசியும் பூவும் எங்கள் தலையிலும் விழுந்தன. எழுந்திருக்க இருவருக்கும் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தோம்.