முப்பிடாதியம்மாளின் இரண்டு உரக்குவியல்கள்

போன வருஷம் ஆனி மாதக் கடைசியில் ஒரு காலை. நாலு நாளாகச் சாரல் விடவில்லை. மாடியில் நின்று பார்த்தால், அடுத்த காம்பவுண்டின் மூலையில் வெள்ளையாகப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. மழைக்குள் எப்படித் தீப்பிடிக்கும் என்று யோசிக்கத் தோன்றவில்லை. வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். முப்பத்திரண்டு வருஷம் போலீஸில் இருந்தவனுக்கு ஓடுவதுதான் முதலில் வரும்.

அங்கே முப்பிடாதியம்மாள் சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள்.

"தண்ணிய ஊத்திராதிய அண்ணாச்சி! தீ இல்ல, ஆவி. கைய உள்ள விட்டுப் பாருங்க."

புல்லும் இலையும் சாணியுமாக இடுப்பு உயரத்துக்கு ஒரு குவியல். மணிக்கட்டு வரை விட்டவன் வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். இட்லிக் கொப்பரைக்குள் விட்ட மாதிரி இருந்தது.

"இதுக்கு அடுப்பு மூட்டுனது யாரு?"

"யாரும் மூட்டல. பச்சப்புல்லும் காஞ்ச எலையும் சேந்து கெடந்தா அதுவா சூடாவுது. மொத தடவ நானும் பயந்துதான் போனேன்."

நம்பாமல் வீட்டிலிருந்து காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரைக் கொண்டுவந்து குத்தினேன். எண்ணே வரவில்லை. அளவு தாண்டிவிட்டதென்று 'ஹெச்' என்ற ஒற்றை எழுத்துதான் வந்தது.

முப்பிடாதியம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். எங்கள் இலஞ்சிக்காரிதான். இருபத்திரண்டு வருஷம் பீடி சுற்றியவள். புகையிலைத் தூசி நெஞ்சில் ஏறி மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் டாக்டர் அதை விடச் சொல்லிவிட்டார். அந்தச் சமயத்தில்தான் கடையநல்லூர் மசூது என் வீட்டை ஒட்டி நாற்பது சென்ட் வாங்கி வீடு கட்டினார். கட்டிய கையோடு கத்தார் வேலைக்குத் திரும்பிவிட்டதால், தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள இவளை வைத்தார். முதல் மாதம் சருகைக் கூட்டி எரித்தாள். அந்தப் புகையில் சாயங்காலம் வரை இருமினாள். அதற்கப்புறம் எரிப்பதை நிறுத்திவிட்டுக் குவிக்க ஆரம்பித்தாள். ஒன்று மட்கிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் அடுத்தது.

புல் வெட்ட மசூது ஒரு மெஷினும் வாங்கிக் கொடுத்திருந்தார். கோடை முழுக்கச் சும்மா கிடந்த அது, மழை தொடங்கியதும் எத்தனை இழுத்தும் கிளம்பவில்லை. தென்காசி ஒர்க் ஷாப்பில், கார்புரேட்டர் போச்சு, புதுசுதான் என்றார்கள். அவள் வாங்கவில்லை. போர்ட்டிகோவில் பேப்பரை விரித்து, ஒவ்வொரு ஸ்குரூவைக் கழற்றும்போதும் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, பழையதையே பிரித்துவிட்டாள். மாதக்கணக்கில் நின்ற பெட்ரோல் உள்ளே பிசினாகக் காய்ந்திருந்தது. வயரிலிருந்து ஒற்றைச் செம்புக் கம்பியை உருவி, பெட்ரோல் வருகிற ஒரு பொடித் துவாரத்தைச் சுத்தம் செய்து, வானத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

"இங்கன பாருங்க அண்ணாச்சி. ஊசி போவாது. இதுவழியாத்தானா அம்புட்டுச் சத்தமும் வருது?"

மூன்றாவது இழுப்பில் மெஷின் உறுமியது. அவள் முகத்தில் அப்போது தெரிந்ததை என்னவென்று சொல்ல? ஏதோ சந்நிதியில் நிற்பவள் போல இருந்தாள். அன்றிலிருந்து மெஷினை ஓய்வுக்கு வைக்கும் முன் டேங்கைக் காலி செய்து, மிச்சம் தீர்ந்து தானாக அணையும் வரை ஓட விடுவாள்.

ஆடி பதினெட்டு கழிந்து இரண்டு நாள் இருக்கும். அந்த மெஷினால் வெட்டிக்கொண்டே பழைய குவியலை நெருங்கியவள் சட்டென்று அணைத்தாள். அந்த அமைதி சரியில்லையென்று பட்டது. லத்தியோடு போனேன். குவியலின் அடியில், மஞ்சளும் பழுப்புமாக, என் மணிக்கட்டுப் பருமனில் ஒரு பாம்பு சுருண்டு கிடந்தது.

"அடிக்காதிய! சாரை!"

அது எங்களைப் பார்த்தது. பிறகு அவசரமே இல்லாமல் நீண்டு, வேலிப் பக்கம் போனது. அது கிடந்த பள்ளத்தில் பதினோரு முட்டைகள். கோழி முட்டையைவிடக் கொஞ்சம் நீளம். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, தோல் மாதிரி வெள்ளை ஓடு.

முப்பிடாதியம்மாள் புதுக் குவியலில் ஒரு கையும் பழையதில் ஒரு கையும் விட்டாள்.

"அந்தப் புதுசுல போட்டிருந்தா எல்லாம் அவிஞ்சிருக்கும். எங்கன தீ இருக்கு, எங்கன இளஞ்சூடு இருக்குன்னு பாத்துல்லா போட்டிருக்கு!" குரல் கிசுகிசுப்பாக இறங்கிவிட்டது. "இதுக்கு யாரு சொல்லிக்குடுத்தா அண்ணாச்சி?"

நானும் கை வைத்துப் பார்த்தேன். தூங்குகிற பிள்ளையின் வயிறு போல வெதுவெதுப்பு. லத்தியை அக்குளில் இடுக்கிக்கொண்டேன்.

மசூதுக்குப் போன் போட்டாள்.

"காலாண்டு லீவுக்குக் கடையநல்லூர்லேந்து பிள்ளைங்க அங்க வருதாங்க அக்கா. எடுத்து எறிஞ்சிருங்க."

"ரெண்டு மாசம் பொறுத்துக்கிடுங்க தம்பி. சாரைக்கு வெசம் கெடையாது. பிள்ளையள அந்தப் பக்கம் விடாம நான் பாத்துக்கிடுதேன்."

"சரி. எனக்கு அப்பப்ப வீடியோ அனுப்புங்க" என்றார்.

குவியலைச் சுற்றிப் பதினைந்து அடிக்கு மெஷின் போகவில்லை. அங்கே மட்டும் அரிவாளால் அறுத்தாள். கிளறவும் இல்லை. லீவுக்கு வந்த பிள்ளைகள் போர்ட்டிகோவிலிருந்தே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகும் ஒரு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. "கூமுட்டையா இருக்குமோ?" என்று நான் கேட்டபோது அவள் அரிவாளை எடுத்துக்கொண்டு புல் அறுக்கப் போய்விட்டாள்.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. "அண்ணாச்சி, வெரசலா வாங்க!"

ஒரு முட்டையில் பிளேடால் கீறியது போல ஒரு கோடு. அதன் வழியே விரல் நுனி அளவு தலை. கண் திறந்திருந்தது. நாக்கு வெளியே வந்து காற்றைத் தொட்டுவிட்டு உள்ளே போனது. அவள் வீடியோ கால் போட்டாள். திரையில் மசூது சாப்பாட்டுத் தட்டோடு இருந்தார். அவர் தோளுக்குப் பின்னால் ஒவ்வொரு முகமாக வந்து கூடியது, அங்கே கூட வேலை பார்க்கும் எங்கெங்கோ ஊர்க்காரர்கள். முதல் குட்டி முழுசாக வெளியே வர முக்கால் மணி நேரம் ஆனது. வந்த ஈரத்தோடு புல்லுக்குள் நுழைந்து காணாமல் போனது.

"அல்லாஹ்..." என்று யாரோ சொன்னது போனில் கேட்டது. முப்பிடாதியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கண் நிறைந்திருந்தது.

இரண்டு நாளில் ஒன்பது குட்டிகள் போயின. இரண்டு முட்டை விரியவில்லை. மூன்றாம் நாள் அந்த இரண்டையும் குழி தோண்டிப் புதைத்தாள். ஈரக் காகிதம் போலக் கிடந்த வெற்று ஓடுகளைக் குவியலுக்குள்ளேயே தள்ளினாள். உரம் கறுத்து, பொலபொலவென்று இருந்தது. ஒரு கை அள்ளி உதிர்த்துப் பார்த்துவிட்டு, மண்வெட்டியை எடுத்து ஓரத்திலிருந்து கிளற ஆரம்பித்தாள்.